குன்னூர் நாய்க்கு நீ சொல்லிக்கொடுத்த தமிழ்

அக்கா,

பக்கத்து வீட்டுக்கு நேற்று ஒரு பெரிய நாய் வந்திருக்கிறது. ராட்வீலர் என்கிறார்கள். வெயில் தாங்காமல் நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துக்கொண்டிருந்தது. அந்த வீட்டுப் பெண் ஒரு கோணியைத் தண்ணீரில் முக்கி எடுத்து வாசலில் விரித்தாள். நாய் அதன்மேல் தொப்பென்று விழுந்தது. கொஞ்ச நேரத்தில் ஈரக்கோணியின் வாடையும் நாயின் உடம்பு வாடையும் கலந்து என் ஜன்னல் வழியாக உள்ளே வந்தன. கையிலிருந்த காப்பியைக் கீழே வைத்துவிட்டேன். இத்தனை வருஷம் கழித்து ஒரு வாடை ஆளை இப்படி உட்காரவைத்துவிடும் என்று நான் நினைக்கவில்லை.

உனக்கு எழுதப்படிக்கத் தெரியாது. நீ இருந்தபோதும் என் கடிதங்களை யாராவது படித்துக்காட்டித்தான் கேட்டாய். இதை நானே எழுதி, நானே வாய்விட்டு ஒருமுறை படித்துவிடப் போகிறேன்.

ஐம்பதுகளின் கடைசியில் நான் உங்கள் ஊருக்கு வந்தபோது எனக்கு இருபத்துநான்கு வயது. உத்திரமேரூரிலிருந்து திருப்புலிவனம் போகிற சாலையை விட்டு இறங்கி, வயல்வெளியில் ஒரு மைல் நடக்க வேண்டும். ஊருக்கு வெளியே, ஏரிக்கரையின் கீழே, மூன்று அறை கொண்ட ஓட்டுக்கட்டடம். அதுதான் பிள்ளைப்பேறு விடுதி. இரண்டு கட்டில், ஒரு மேசை, ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு. பின் அறையில் நான். கட்டில் துணிகளைத் துவைக்க, வெந்நீர் போட, வலியில் துடிக்கிறவளின் கையைப் பிடித்துக்கொள்ள, பகல் முழுவதும் நீ. காலனியிலிருந்து வருவாய். கழனி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள், புருஷன் போன பிறகு இந்த வேலைக்கு வந்தாய் என்று சொன்னார்கள். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவள். ஆனாலும் உன்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டேன். நீ என்னை "நர்சம்மா, நீங்க" என்பாய். அப்படித்தான் ஆரம்பித்தோம்.

எனக்கு முன்னால் இருந்த நர்ஸ் ஆறு மாதத்தில் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. வந்த முதல் வாரமே எனக்குப் புரிந்துவிட்டது. தனியாக இருக்கும் பெண் என்றால் ஓட்டின்மேல் கல் விழும். ஜன்னல் பக்கம் யாரோ இருமுவார்கள். ஊரில் எல்லாருக்கும் அது யார் என்று தெரியும், ஆனால் யாரும் எதுவும் தெரியாததுபோல் இருப்பார்கள். நான் அண்ணனுக்கு எழுதினேன். அவன் குன்னூரில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் டிரைவர். அங்கிருந்த வெள்ளைக்கார மேனேஜர் சீமைக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். அவர் வளர்த்த நாய்களில் ஒன்றை அண்ணன் கேட்டு வாங்கி, லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தான்.

புல்மாஸ்டிஃப் சாதிப் பெண் நாய். வயது இரண்டு. வைக்கோல் நிற உடம்பு, கரி பூசினதுபோல் முகம், என் இடுப்புக்குச் சற்றே குறைந்த உயரம். ஜூனோ என்று பெயர். லாரியிலிருந்து அது குதித்தபோது நீ வேலிக்கு வெளியே துணிமூட்டையோடு நின்றாய்.

"நர்சம்மா, இது இன்னாது, நாயா கன்னுக்குட்டியா?"

"நாய்தான்."

"இன்னா துண்ணும்?"

"எல்லாம் சாப்பிடும்" என்றான் அண்ணன். "ஆனா தெரியாதவங்க கேட்டுக்குள்ள கால் வெச்சா விடாது. இங்கிலீஷ்லதான் சொல்லணும். சிட், ஸ்டே, டவுன்."

அவன் ஊருக்குத் திரும்பினான். ஓட்டின்மேல் கல் விழுவது அன்றோடு நின்றது. நான் நிம்மதியாகத் தூங்கினேன். ஆனால் நீ உள்ளே வர வேண்டுமென்றால் நான் வந்து அதன் கழுத்துப்பட்டையைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அது குரைக்காது. குரைத்திருந்தால்கூட மனசு கொஞ்சம் தேறும். கேட்டுக்கு நடுவில் வந்து சும்மா நின்று பார்க்கும். விடுதிக்கு வருகிறவர்கள் குறைந்தார்கள். வெயில் காலம், அதனால்தான் வரவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சித்திரை மாதம் ஒரு நண்பகல். நான் திருப்புலிவனத்தில் பத்து நாள் பிள்ளைக்காரி ஒருத்தியைப் பார்த்துவரப் போயிருந்தேன். நீ ஏரியில் துணி துவைக்கப் போயிருந்தாய். நாயைக் கட்டாமல் வளாகத்துக்குள்ளேயே விட்டுவிட்டுப் போனது நான். அந்த நேரம் பார்த்து ஏழுமலை தன் தாயோடு, பெண்டாட்டி பச்சையம்மாளை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு மூன்று மைல் தள்ளியிருந்து வந்திருக்கிறான். தலைப்பிரசவம். கேட்டில் நாய் நின்றது. அதன் வாடை பட்டதும் மாடுகள் மிரண்டு வண்டியைப் பின்னுக்குத் தள்ளின. ஏழுமலை தார்க்கோலை எடுத்துக்கொண்டு கிட்டே போனான். அப்போதுதான் அது முதல்முறையாக உறுமியதாம். அதற்குமேல் ஒருவரும் நகரவில்லை. பச்சையம்மாளுக்குப் பிள்ளை அந்த வண்டியிலேயே, புளியமரத்தடியில், பிறந்தது.

கூச்சல் கேட்டு ஈரத்துணிகளை அப்படியே போட்டுவிட்டு நீ ஓடிவந்தாய். உன்னையும் அது உள்ளே விடவில்லை. கத்தரிக்கோலும் நூலும் உள்ளே இருந்தன. பிள்ளை அழவில்லை. நீ விரலில் முந்தானையைச் சுற்றி அதன் வாயைத் துடைத்தெடுத்து, முதுகைத் தேய்த்து அழவைத்தாய். மாமியார்க்காரி தொப்புள்கொடியை அறுக்க வண்டியில் கிடந்த துருப்பிடித்த அரிவாளை எடுத்தாள். நீ அவள் கையைப் பிடித்துக்கொண்டாய்.

நான் வந்து பார்த்தபோது பிள்ளை தாயின் வயிற்றின்மேல் கொடியோடு கிடந்தது. நீ வெயில் படாமல் உன் புடவையை விரித்து மறைத்துக்கொண்டு, ரவிக்கையும் பாவாடையுமாக நின்றாய். மாமியார் உன்னைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

"நர்சம்மா வர்ற வரைக்கும் யாரையும் தொடவுட மாட்டேன்னு சொல்லிட்டேன்" என்றாய். அவ்வளவுதான் சொன்னாய்.

இருவரும் பிழைத்தார்கள். பச்சையம்மாளுக்கு ரத்தம் நிற்கச் சாயங்காலம் ஆயிற்று. அந்தச் சாயங்காலமே பெரிய வீட்டுக்காரர் வந்தார். ஊரில் பாதிக் கழனி அவருடையது, பஞ்சாயத்துத் தலைவரும் அவர்தான். வேலிக்கு வெளியே நின்றே பேசினார்.

"இத பாரும்மா. ஆடி பொறக்கிறதுக்குள்ள இந்த நாய் ஊர்ல இருக்கக்கூடாது. இல்லாங்காட்டி நாங்களே அடிச்சிப் போட்டுருவோம்."

அவர் சொன்னதில் தப்பில்லை. அந்தக் குழந்தை செத்திருந்தால் அது என் கணக்கில்தான் விழுந்திருக்கும். நாயைக் கூட்டிக்கொண்டு போ என்று அண்ணனுக்கு எழுத உட்கார்ந்தேன். அழுதுகொண்டே எழுதினேன். நீ தரையைக் கழுவிக்கொண்டிருந்தாய்.

"யாருக்கு எயுதறே?" என்றாய். அன்றுதான் முதன்முதலாக என்னை ஒருமையில் பேசினாய்.

சொன்னேன்.

"நாய் பூட்டா நீயும் பூடுவே. முந்தி இருந்தவங்க போன மாதிரி. நீ பூட்டா இந்தப் பொம்பளைங்களுக்கு அந்த அருவாதான்" என்றாய். பிறகு துடைப்பத்தை ஓரமாக வைத்துவிட்டு, "ஆடிக்கு இன்னும் ரெண்டு மாசத்துக்கு மேல கீது. அத்த எங்கிட்ட வுடு" என்றாய்.

"உங்களுக்கு நாயைப் பழக்கத் தெரியுமா?"

"நாய் வெச்சிக்கினு கீறவங்களுக்கு நாயப் பத்தி இன்னா தெரியும்? நாயப் பாத்து ஓடுனவங்களக் கேளு."

மறுநாள் காலையில் வந்தாய். கேட்டுக்கு வெளியே, நாய்க்கு முதுகைக் காட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து, பழைய வேட்டிகளைப் பட்டை பட்டையாகக் கிழிக்க ஆரம்பித்தாய். நாயைத் திரும்பிப் பார்க்கவேயில்லை. ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். நான் பொறுக்க மாட்டாமல், அதைக் கூப்பிட்டு ஏதாவது தின்னக் கொடுக்கக்கூடாதா என்று கேட்டேன்.

"குடுத்தா சோத்துக்கு வரும். எனக்கு வராது" என்றாய்.

ஐந்தாவது நாளோ ஆறாவது நாளோ, நான் ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன். கேட்டின் கம்பிகளுக்கு நடுவே அந்தக் கரிமுகம் நுழைந்து உன் முதுகில் மூக்கை வைத்துக்கொண்டு தூங்குகிறது. உன் கை மட்டும் துணி கிழித்துக்கொண்டிருக்கிறது. முதுகு அசையவில்லை. அப்படி எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாயோ, அன்று துணிமூட்டை மலைபோல் குவிந்திருந்தது.

அதற்குப் பிறகுதான் பாடம். அதிலும் நமக்குள் சண்டை. நான் 'ஸ்டே' என்பேன், நீ 'இரு' என்பாய். நாய் நம் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்க்கும்.

"அதுக்கு இங்கிலீஷ்தாங்க தெரியும்."

"குன்னூர்ல இங்கிலீசு. இங்க வந்திட்டா இந்தப் பேச்சுதான். நாளைக்கு ஏயுமலை வந்து ஸ்டேன்னா சொல்லுவான்?"

நான் தோற்றேன். 'இரு', 'வுடு', 'போய்ப் படு'. மூன்று சொல் போதும் என்றாய். பெயரையும் நீ விட்டுவைக்கவில்லை. உன் வாயில் ஜூனோ சீனு ஆயிற்று. ஊரில் மளிகைக்கடைக்காரருக்கும் அதே பெயர். பெண் நாய்க்குத் தன் பேரா என்று அவர் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தார். பிறகு நொய் அரிசியும் கருவாட்டுத் தலையும் அவரே பொட்டலம் கட்டிக் கொடுத்தனுப்பினார்.

கேழ்வரகுக் களியைக் கிண்டி, ஆறவைத்து, கிண்ணத்தை அதன் முன்னால் வைப்பாய். "இரு." எச்சில் நூல்போல் ஒழுகும். நீ நிதானமாக எழுந்து, முந்தானையை உதறி, கை கழுவிவிட்டு வந்து, "துண்ணு" என்பாய். முதல் வாரம் இரண்டு கிண்ணம் உடைந்தது. பிறகு நீ கேட்டுக்கு வெளியே போய், ஆள் யாரோ வருவதுபோல் வருவாய். வேறு புடவையில், தலையில் கூடையோடு, குடை பிடித்துக்கொண்டு. வெயில் ஏறும் முன்பே பாடத்தை முடித்து, வேப்பமரத்தடியில் ஈரக்கோணியை விரித்து, "போய்ப் படு" என்பாய். மலைக்குளிரில் வளர்ந்த உடம்பு. மூச்சு முட்டுகிற வெயிலில் எந்தப் பாடமும் ஏறாது என்பதை நீதான் கண்டுபிடித்தாய்.

தபால்காரர் விஷயத்தில் மட்டும் நாம் தோற்றோம். அவரை ஒருநாள் கீழே தள்ளி, அவர் குடையை மிதித்து முறித்துவிட்டது. கடைசி வருஷம் வரை அவர் புளியமரத்தடியிலிருந்தே என் பெயரைக் கத்துவார். நாயும் அவரை மன்னிக்கவில்லை, அவரும் நாயை மன்னிக்கவில்லை.

நாற்பது நாள் கழித்துப் பச்சையம்மாள் வந்தாள். நீ போய்க் கூப்பிட்டிருக்கிறாய். யாருக்கு நடந்ததோ அவள் வந்து நின்றால்தான் மற்றவர்கள் வருவார்கள் என்று நீ கணக்குப் போட்டிருந்தாய். இடுப்பில் பிள்ளையோடு அவள் கேட்டுக்கு வெளியே நின்றாள். நான் கழுத்துப்பட்டையை இரண்டு கையாலும் பிடித்திருந்தேன்.

"கைய எடு" என்றாய் என்னிடம்.

"மாட்டேன்."

"நீ புடிச்சிக்கினு கீறதாலதான் அது மொறைக்குது. ஒன் கையில கீற பயம் அதும் கயுத்துல எறங்குது. எடு, கண்ணு."

எடுத்தேன். என் வாழ்க்கையில் அதைவிடக் கஷ்டமான காரியம் அதிகம் செய்ததில்லை.

"பச்ச, அத்த உத்துப் பாக்காதே. ஒருக்களிச்சி நில்லு. கையத் தொங்கவுடு. அதுவா வரும்."

நாய் வந்தது. அவள் கையை மோந்தது. புடவையை மோந்தது. தொங்கிக்கொண்டிருந்த பிள்ளையின் பாதத்தில் மூக்கை வைத்தது. நீ கொஞ்சமும் குரலை உயர்த்தாமல், "சீனு, இரு" என்றாய். அது ஒரு பெருமூச்சு விட்டுக்கொண்டு உட்கார்ந்தது. பச்சையம்மாள் அழுதாள். பிறகு, "மூக்கு ஜில்லுனு கீது யக்கா" என்று சிரித்தாள்.

அதன்பின் வாரம் ஒருநாள் நாய் பார்க்கும் நாள் ஆயிற்று. முழுகாமல் இருக்கிறவள் எவளாக இருந்தாலும், பேறுகாலத்துக்கு முன்னால் மூன்று முறையாவது வந்து நாயிடம் முகம் காட்டிவிட்டுப் போக வேண்டும், புருஷனையும் மாமியாரையும் கூட்டிவர வேண்டும் என்று நீ ஊர் ஊராகச் சொல்லிவிட்டாய். நான் வந்த நாளிலிருந்து, வயிற்றுப்பிள்ளைக்காரிகளை மாதம் ஒருமுறை வந்து காட்டுங்கள் என்று தொண்டை வற்றக் கத்தியும் வராதவர்கள், நாயிடம் காட்டிக்கொள்ள வரிசையில் வந்தார்கள். வந்தவர்களை நான் விடவில்லை. கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்தேன், கால் வீக்கம் பார்த்தேன், வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். பிள்ளை குறுக்கே கிடந்த ஒருத்தியை முன்கூட்டியே செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். தாயும் பிள்ளையுமாகத் திரும்பி வந்தாள். நாய் பார்க்க வந்திருக்காவிட்டால் எனக்கு அவளைத் தெரிந்தே இருக்காது.

ஆடி முதல் தேதி பெரிய வீட்டுக்காரர் சொன்னபடி வந்தார். வெள்ளை வேட்டி, கையில் தடி, பின்னால் இரண்டு ஆட்கள். நான் உள்ளே நின்று சாமியைக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன். நீ கேட்டைத் திறந்தாய்.

"நாய் இன்னும் கீதே" என்றார்.

"கீது, ஐயா. வந்து பாருங்க. தடிய மட்டும் அவங்ககிட்ட குடுத்துட்டு வாங்க."

அவர் உன்னையே பார்த்தார். காலனிப் பெண் ஒருத்தி அதற்குமுன் அவரிடம் இப்படிச் செய் என்று சொல்லியிருக்க மாட்டாள். நாய் எழுந்து நின்றது. அவர் தடியைக் கொடுத்துவிட்டார்.

"உத்துப் பாக்காதீங்க. கையத் தொங்கவுட்டுக்குங்க. கொஞ்சம் ஒருக்களிச்சி நில்லுங்க. அப்படித்தான்."

"எவ்ளோ நேரம் நிக்கணும்?"

"அது ஒக்கார்ற வரைக்கும், ஐயா."

பெரிய வீட்டுக்காரர் வெயிலில், கையைத் தொங்கவிட்டுக்கொண்டு, தரையைப் பார்த்து நின்றார். சீனு அவரைச் சுற்றி ஒருமுறை வந்தது. வேட்டியை மோந்தது. உட்காரவில்லை. மறுபடி சுற்றியது. அவர் கழுத்தில் வியர்வை வழிந்ததை நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன். நீ அவசரப்படவே இல்லை. பிறகு மெல்ல, "இரு" என்றாய். அது உட்கார்ந்தது.

"சரி" என்றார் அவர். கொஞ்ச நேரம் நின்று நாயின் தலையைப் பார்த்தார். "நல்ல நாய்தான். இருந்துட்டுப் போகட்டும்."

அவர் தலை மறைந்ததும் நாம் இருவரும் கட்டடத்துக்குப் பின்னால் ஓடி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். சிரித்து முடித்து நீ தொட்டியில் கால் கழுவினாய். அப்போதுதான் உன் இடது கெண்டைக்காலில் ஒரு சாண் நீளத் தழும்பைப் பார்த்தேன். சதையே கொஞ்சம் குழிந்திருந்தது.

"என்னக்கா இது?" அன்றுதான் நானும் முதல்முறை அக்கா என்றேன்.

"அவங்க வூட்டு நாய்தான். அவரு அப்பாரு காலத்துல. எனக்குப் பத்து வயசு. செருப்பு போட்டுக்கினு அந்தத் தெரு வயியாப் போயிட்டேன், அவுத்து வுட்டாங்க."

"அப்படியும் உங்களுக்கு நாய்மேல வெறுப்பு வரலியா?" என்று கேட்டேன்.

நீ தண்ணீரைக் காலில் ஊற்றிக்கொண்டே சொன்னாய்: "நாய் இன்னா பண்ணும்? சொல்லிக்குடுத்தத பண்ணுது. இதுக்கு வேற மாதிரி சொல்லிக்குடுத்தா வேற மாதிரி பண்ணுதா இல்லியான்னு பாக்கத்தான் ஒக்காந்தேன்."

சீனு நம்மோடு ஏழு வருஷம் இருந்தது. காவல் புத்தி அதை விட்டுப் போகவில்லை, நீயும் போக விடவில்லை. பெண் குழந்தை பிறந்த கோபத்தில் ஒருவன் குடித்துவிட்டு வந்து, பெண்டாட்டியைக் கட்டிலிலிருந்து இழுத்துப்போக நின்றான். நீ ஒரு சொல்லும் சொல்லவில்லை. சீனு தானாகவே போய் வாசற்படியில் குறுக்கே படுத்துக்கொண்டது. கடிக்கவில்லை, உறுமவில்லை. தாண்டிப் போகவும் அவனுக்குத் தைரியம் வரவில்லை. சாயங்காலம்வரை வெளியே உட்கார்ந்திருந்தவன், போதை தெளிந்து, பிள்ளையைக் காட்டுங்கள் என்று கேட்டான். கடைசி வருஷம் அதன் பின்னங்கால்கள் இழுத்துக்கொண்டன. ஒரு காலையில் உன் மடியில் தலை வைத்துப் போயிற்று. வேப்பமரத்தடியில் நீதான் குழி வெட்டினாய். கடப்பாரையை என்னிடம் தரவில்லை. பச்சையம்மாளும் இன்னும் பத்துப் பன்னிரண்டு பெண்களும் பிள்ளைகளோடு வந்து நின்றார்கள். தபால்காரரும் வந்திருந்தார். புளியமரத்தடிவரைதான்.

அடுத்த வருஷம் எனக்குத் தென்னாற்காட்டுக்கு மாற்றல் வந்தது. உன்னையும் கூட்டிக்கொண்டு போக ஆசைப்பட்டேன். "நான் வந்துட்டா புது நர்சுக்கு யாரு கீறாங்க?" என்றாய். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில், நாஷ்டா வாங்கிக் கையில் திணித்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாய். அதன்பின் நான்கைந்து முறைதான் பார்த்தோம். நீ போன செய்தி எனக்கு ஒரு மாதம் கழித்து வந்தது. தூக்கத்திலேயே, நோவு இல்லாமல் என்று எழுதியிருந்தார்கள். எத்தனையோ பேர் நோவின்போது உடன் இருந்தவளுக்கு அது கிடைத்ததே என்று நினைத்துக்கொண்டேன்.

தென்னாற்காட்டுப் புது ஊரிலும் விடுதி ஊருக்கு வெளியேதான் இருந்தது. அண்ணன் எழுதினான், மறுபடி ஒரு நாய் பார்க்கட்டுமா என்று. வேண்டாம் என்று பதில் போட்டேன். அங்கே போய் இறங்கிய அன்றே பெட்டியை வைத்துவிட்டு அந்த ஊர்க் காலனிக்கு நடந்தேன். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் உட்கார்ந்து, நான் இன்னார், இன்ன வேலைக்கு வந்திருக்கிறேன் என்று சொன்னேன். மோர் கொடுத்தார்கள், குடித்தேன். இருட்டும் முன் திரும்பும்போது என்னோடு நான்கு பெண்கள் பேசிக்கொண்டே விடுதிவரை வந்தார்கள். அன்று தனியாகப் படுத்தேன். பயமாக இல்லை. ஏன் இல்லை என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன், அக்கா. யோசித்த இடத்திலெல்லாம் நீ இருந்தாய்.

இப்போதும் யாராவது வாசலில் வந்து நின்றால், யார் என்று கேட்பதற்கு முன்னால் "வாங்க" என்று என் வாய் சொல்லிவிடுகிறது. காலம் கெட்டுக் கிடக்கிறது, கதவைத் தாழ் போட்டுக்கொள் என்று மகள் தினமும் போனில் திட்டுகிறாள். சரி சரி என்கிறேன். போட்டுக்கொள்வதில்லை.